பூனை கவிழ்த்த ஐயர்

போன சனிக்கிழமை காலையில் எங்கள் வீட்டுப் பூனை ஒரு ஐயரைக் கொன்றுவிட்டது.

பதறாதீர்கள். ஐயர் சௌக்கியமாக இருக்கிறார். அன்று மத்தியானமே எங்கள் வீட்டில் நெய்ச்சோறும் கோழிக்கறியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஆனாலும் நடுவில் கொஞ்ச நேரம் அவர் செத்துத்தான் போயிருந்தார். அழுதவர்களில் நானும் ஒருவன்.

ஐயர் என்றதும் குடுமியும் பூணூலுமாக ஒருவரை நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து வேதக்காரக் கிறிஸ்தவர் வீடுகளில் சபைப் போதகரை ஐயர் என்போம். கப்பலேறி மலாயாவுக்கு வந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. பெக்கோக்குக்குப் பக்கத்தில் நான் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருக்கும் இந்த ரப்பர் தோட்டத்தில் மாரியம்மன் கோயில் உண்டு, கள்ளுக்கடை உண்டு, சர்ச் மட்டும் கிடையாது. ஞானஸ்நானமோ, கல்யாணமோ… சிங்கப்பூரிலிருந்து ஐயர் ரயிலேறி வந்தால்தான் நடக்கும்.

சரி, கொலைகாரியைப் பற்றிச் சொல்கிறேன்.

பெயர் தொரசாணி. தோட்டத்து மானேஜரின் சம்சாரத்தை இங்கே எல்லாரும் அப்படித்தான் அழைப்பார்கள். வெள்ளை வெளேரென்று, யாரையும் சட்டை செய்யாமல், வாலைத் தூக்கிக்கொண்டு நடந்த பூனைக்கு அந்தப் பெயர் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. நிஜத் தொரசாணி பங்களாவை விட்டு இந்தப் பக்கம் வந்தால் மட்டும் நாங்கள் பூனையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வேலை முக்கியம் அல்லவா?

இவளுக்கு ஒரு வியாதி. தண்ணி வைத்தால் குடிக்க மாட்டாள். விளையாடுவாள்.

கிண்ணத்தின் முன்னால் பத்தினி மாதிரி வந்து உட்காருவாள். உற்றுப் பார்ப்பாள். பிறகு வலது கையை… கால் என்று சொல்ல மனம் வரவில்லை, அத்தனை நளினம்… மெல்ல நீட்டி, தண்ணியின் மேல் ஒரு தட்டு. கையை எடுத்து உதறுவாள். நக்கிப் பார்ப்பாள். இன்னொரு தட்டு. அப்புறம் கிண்ணத்தின் விளிம்பைப் பிடித்து ஒரு இழுப்பு. தரையெல்லாம் வெள்ளம். அந்த வெள்ளத்தில் நின்றுகொண்டு, தாகத்துக்குத் தண்ணி இல்லை என்று நம்மைப் பார்த்துக் கத்துவாள்!

உங்கள் வீட்டுப் பூனையும் இப்படித்தானா?

மழைக்காலமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். இந்த வருஷம் வெயில் மண்டையைப் பிளக்கிறது. கிணற்றில் வாளியைப் போட்டால் பாதி சேறு வருகிறது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் வேறு, தண்ணியைக் காய்ச்சாமல் குடிக்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். என் சம்சாரம் எஸ்தர் அந்தத் தண்ணியைத் தெளிய வைத்து, துணியில் வடிகட்டி, விறகு ஊதிக் காய்ச்சி, ஆற வைத்து, மண்பானையில் ஊற்றி மூடுவாள். அதில் ஒரு பங்கைப் பூனைக்கும் வைப்பாள். தொரசாணி ஒரு தட்டுத் தட்டி அத்தனையையும் கவிழ்த்துவிடுவாள். எஸ்தருக்கு எப்படி இருக்கும்?

“சாக்குல கட்டி மலாய்க் கம்பத்துக்கு அந்தப் பக்கம் விட்டுட்டு வந்துடுவேன்” என்று தினமும் ஒரு தடவையாவது சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டு மறுபடியும் கிண்ணத்தை நிரப்பி வைப்பாள்.

இது ஏன் இப்படிச் செய்கிறது என்று ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். டிரஸ்ஸர் வயிற்றில் பூச்சி என்றார். அவருக்கு எல்லாமே வயிற்றில் பூச்சிதான். போன மாதம் எனக்குப் பல்வலி வந்தபோதும் அதையேதான் சொல்லி மருந்து கொடுத்தார். எஸ்தரின் கட்சி சுருக்கமானது. கொழுப்பு.

மக் லீமா சொன்னதுதான் அழகாக இருந்தது. மக் லீமா எங்கள் வேலிக்கு அந்தப்புறம் மலாய்க் கம்பத்தில், நம் பேச்சில் கிராமத்தில், இருக்கிறவள். அவள் புருஷன் பெக்கோக் ரயில் ஸ்டேஷனில் கேட் போடுகிறவர். பூனை மழையைக் கூப்பிடுகிறது என்றாள் அவள். வறட்சி வந்தால் பூனையைக் குளிப்பாட்டு, மழை வரும் என்பது கம்பத்து நம்பிக்கையாம். நான் சிரிக்கவில்லை. கழுதைக்குக் கல்யாணம் செய்து வைத்து வானத்தைப் பார்க்கிற நமக்குச் சிரிக்க என்ன யோக்கியதை இருக்கிறது?

எனக்கு ஒரு பழக்கம். ஒரு விஷயம் புரியவில்லை என்றால் சோறு இறங்காது. பூனை விஷயத்தையும் கண்டுபிடித்தே தீருவது என்று நான் கங்கணம் கட்டிக்கொண்டபோது, எஸ்தர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: “பூனை மனசுல என்ன இருக்குன்னு இவ்வளவு யோசிக்கிறீங்களே… என் தங்கச்சி மனசுல என்ன இருக்குன்னு கொஞ்சம் யோசிச்சீங்களா?”

நியாயமான கேள்வி. எங்கள் வீட்டில் அந்தச் சமயத்தில் இருந்த பெரிய கவலையே அதுதான்.

எஸ்தரின் தங்கை ரூத். பாளையங்கோட்டையிலிருந்து கப்பலேறி வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. தகப்பனார் காலமாகிவிட்டார். தாயாருக்குக் கடல் தாண்டி வர உடம்பில் தெம்பில்லை. ஆகவே பெண்ணை எங்கள் பொறுப்பில் அனுப்பிவிட்டார்கள். மாப்பிள்ளையை நான்தான் பார்த்தேன். செகாமட்டில் பள்ளிக்கூட வாத்தியார், பெயர் ஞானதாஸ். ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலேறி எங்கள் வீட்டுக்கு வருவார். தேத்தண்ணி குடிப்பார். ரயில் லேட் என்பார். மழை இல்லை என்பார். தரையைப் பார்ப்பார். போய்விடுவார்.

ரூத்தோ அந்த நேரத்தில் உள்ளே இருப்பாள். தேத்தண்ணி டம்ளரை எஸ்தர் கையில் கொடுத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வாள். பிடிக்கிறதா, பிடிக்கவில்லையா? யாருக்குத் தெரியும்? எஸ்தர் எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்தாள். பாத்திரம் துலக்கும்போது கேட்டாள், தலை பின்னிவிடும்போது கேட்டாள், ஜெபம் முடிந்து கண் திறந்த சூட்டோடு கேட்டாள். “பிடிக்கலைன்னா சொல்லிடு. ஐயர் வந்து நின்னுட்டாலும் பரவாயில்ல, நான் நிறுத்திடறேன்” என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள்.

எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். “ஒங்க இஷ்டம்க்கா.”

இந்த இஷ்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சம்மதம் வேறு, ஆசை வேறு. அக்காள் வீட்டுச் சோற்றைச் சாப்பிடுகிற பெண், அந்நிய தேசத்தில், வேண்டாம் என்று எப்படி வாய் திறப்பாள்? பிடிக்காத கழுத்தில் தாலி ஏறினால் அந்தப் பாவம் என் தலையில் அல்லவா விடியும்? ரூத் வாய்விட்டுச் சிரித்து நாங்கள் கேட்டது தொரசாணியிடம் மட்டும்தான். கொல்லையில் உட்கார்ந்துகொண்டு பூனை தண்ணியைத் தட்டத் தட்டக் கலகலவென்று சிரிப்பாள். எங்கள் காலடிச் சத்தம் கேட்டால் சிரிப்பு நின்றுவிடும்.

இப்படியே கல்யாண நாளும் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் செகாமட்டிலிருந்து வந்து இறங்கினார்கள். அவர்கள் வந்த நேரம் பார்த்து நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? சமையலறையில் குப்புறப் படுத்து, தண்ணித் தட்டில் மூக்கை விட்டுக்கொண்டிருந்தேன்.

காரணம் இருக்கிறது, சொல்கிறேன். தொரசாணிக்கு நாங்கள் தண்ணி வைத்த கிண்ணம், பால் டின்னை வெட்டிச் செய்தது. வாய் குறுகல். முகத்தை உள்ளே விட்டால் அவள் மீசை இரண்டு பக்கமும் டின்னில் இடிக்கிறது. நம் ஊர் ஆண்பிள்ளைகளுக்குத்தான் மீசை முறுக்குவதற்கு. பூனைக்கு அதுதான் விரல். அது இடித்துக்கொண்டே இருந்தால் எரிச்சல் வராதா? அதனால் பீங்கான் தட்டில் ஊற்றி வைத்துப் பார்த்தேன். இடிக்கவில்லை. ஆனாலும் தட்டுவதை அவள் நிறுத்தவில்லை.

தட்டை அடுப்படியில் கருவாட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். சாப்பாட்டையும் தண்ணியையும் ஒரே இடத்தில் வைப்பது அந்த ஜாதிக்குப் பிடிக்காது போலிருக்கிறது. வாளியிலிருந்து ஒழுகும் சொட்டு என்றால் மட்டும் உயிரை விடுகிறாள். நாக்கை நீட்டிக்கொண்டு அதன் கீழேயே நிற்கிறாள். ஓடுகிற தண்ணி கெட்டுப்போகாது என்று அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ!

சரி, அசையாத தண்ணி அவள் கண்ணுக்கு எப்படித்தான் தெரிகிறது? அதைப் பார்க்கத்தான் அவள் உயரத்துக்கு நானும் படுத்தேன். வெள்ளைத் தட்டு. தெளிந்த தண்ணி. கண்ணைக் கிட்டே கொண்டுபோனால் தண்ணி எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் குனிந்தேன். மூக்கு முழுகிவிட்டது.

அப்போதுதான் புரிந்தது. அவள் சேட்டை செய்யவில்லை, தேடுகிறாள். சும்மா இருக்கிற தண்ணி எங்கே இருக்கிறது, எவ்வளவு ஆழம் என்று பார்த்தால் தெரியாது. தட்டினால் நெளியும். நெளிந்தால் தெரியும். அப்படி நெளியும்போது அதில் வெளிச்சம் ஓடுகிறது பாருங்கள், அதை மீன் என்றோ பூச்சி என்றோ நினைத்து வேட்டையும் ஆரம்பித்துவிடுகிறது. வேலையில் ஆரம்பித்து விளையாட்டில் முடிகிற சமாச்சாரம் இது. நம் ஆபீஸ்களிலும் பார்க்கிறோம்.

நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், வாசலில் மாப்பிள்ளையின் தாயார் நிற்கிறார்கள். பெண்ணின் அத்தான் எப்படிப்பட்டவர் என்று பார்க்க ஆசையாக வந்தவர்கள். பார்த்துவிட்டார்கள்.

இந்த அம்மாளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். நல்ல மனசு. மகன் கல்யாணத்துக்காக ஊரிலிருந்து வந்து சில வாரம்தான் ஆகிறது. மலாய் பாஷையில் அவர்களுக்குத் தெரிந்தது ஒரே ஒரு வார்த்தை: ஹபிஸ். செகாமட்டில் தெருவில் வருகிற மீன்காரன் காலிக் கூடையைக் காட்டி ஹபிஸ், ஹபிஸ் என்பானாம். முடிந்துபோயிற்று என்று அர்த்தம் என்று மகன் சொல்லிக் கொடுத்தார். அவ்வளவுதான், அம்மாள் அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு இந்தத் தேசத்தையே ஆள ஆரம்பித்துவிட்டார்கள். குழம்பு ஹபிஸா? ஜெபம் ஹபிஸா? பக்கத்துத் தெருவில் ஒரு கிழவர் தவறிப்போனதைக்கூட, “பாவம், ஆள் ஹபிஸ்” என்றுதான் எங்களிடம் சொன்னார்கள்.

விடிந்தால் சனிக்கிழமை. காலை ரயிலில் ஐயர் வர வேண்டும். பள்ளிக்கூட ஷெட்டில் தோரணம் கட்டியாகிவிட்டது. அடுப்பில் கோழி வேகிறது. ஐயருக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் என்று எஸ்தர் விடிய விடியக் காய்ச்சி ஆற வைத்த தண்ணியை மண்பானைகளில் ஊற்றி, சமையலறையில் செங்கல்மேல் பலகை போட்டு வரிசையாக வைத்திருந்தாள். ஸ்டேஷனுக்குப் போன மாட்டுவண்டி காலியாகத் திரும்பி வந்தது. ரயில் வரவில்லையாம், எப்போது வருமோ தெரியாதாம்.

எல்லாருக்கும் கொஞ்சம் கலக்கம். ஐயர் வயதானவர், நெஞ்சு வலி வேறு உண்டு. வெயிலில் என்ன ஆனாரோ என்று மாப்பிள்ளையின் மாமா முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

இந்த நேரத்தில்தான் மக் லீமா, விருந்துக்கு நாங்கள் இரவல் கேட்டிருந்த பீங்கான் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கமாக வந்தாள். வந்தவள் கண்டது என்ன? தொரசாணி பலகைமேல் ஏறி ஒரு பானையின் மூடியைத் தள்ளி, உள்ளே கையை விட்டுத் தட்டிக்கொண்டிருக்கிறாள். மக் லீமா ஓட்டி முடிப்பதற்குள் பூனை ஒரு தாவு தாவியது. பலகை சாய்ந்தது. ஒரு பானை மற்றதன்மேல் விழ, அது அடுத்ததன்மேல் விழ… அத்தனையும் தூள்.

மக் லீமா எஸ்தரிடம் சொல்ல முன்பக்கம் ஓடி வந்தாள். எஸ்தர் ரூத்துக்குச் சேலை கட்டிவிட்டுக்கொண்டு உள்ளே இருந்தாள். வாசலில் இருந்தது மாப்பிள்ளையின் தாயார்.

மலாய் பாஷையில் தண்ணிக்கு ‘ஆயர்’ என்று பெயர். இந்த ஜொகூரில் பாதி ஊருக்கு அதுதான் பெயரே. இங்கே கொஞ்ச நாள் இருந்த தமிழனுக்குக் குழப்பமே வராது. ஆனால் மக் லீமா மூச்சு வாங்கிக்கொண்டு அவசரமாகச் சொன்னால்?

“ஆயர் ஹபிஸ்” என்றாள் மக் லீமா.

அம்மாள் காதில் அது ஐயர் ஹபிஸ் என்று விழுந்தது.

“ஐயரா?” என்றார்கள் அம்மாள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு.

“யா, ஆயர். செமுவா ஹபிஸ்.” சொல்லிவிட்டு, பானை கவிழ்ந்ததற்கு அடையாளமாக உள்ளங்கையைக் குப்புறக் கவிழ்த்துக் காட்டினாள். எல்லாம் போய்விட்டது என்கிறாள் அவள். மனுஷன் குப்புற விழுந்து எல்லாம் முடிந்தது என்று புரிந்துகொண்டார்கள் இவர்கள்.

நான் ஷெட்டிலிருந்து ஓடி வந்தபோது அம்மாள் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். ஐயர் ரயிலிலேயே விழுந்து போய்விட்டாராம். யார் சொன்னது என்று கேட்டேன். ஸ்டேஷன்காரர் வீட்டம்மா என்றார்கள். கேட் போடுகிறவர் பெண்டாட்டிக்குத் தெரியாமல் ரயிலில் என்ன நடந்துவிடும்? வண்டியும் காலியாகத்தானே வந்தது? நான் நம்பிவிட்டேன். ஊரில் இருந்தபோது எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த மனுஷன் அவர். கண்ணில் தண்ணி முட்டிக்கொண்டு வந்தது. மக் லீமாவைத் தேடினால் அவள் அங்கே இல்லை. எங்கள் அவசரத்துக்குத் தண்ணி கொண்டுவரத் தன் வீட்டுக்கு ஓடியிருக்கிறாள்.

கல்யாண வீடு ஒரு நிமிஷத்தில் சாவு வீடு ஆகிவிட்டது. மாப்பிள்ளையின் மாமா ஜெபத்தை ஆரம்பித்தார். சமையல்காரர் எட்டிப் பார்த்து, அடுப்பை அணைக்கவா, கோழியை என்ன செய்ய என்று கேட்டார்.

கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளையின் தாயார் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்கள். “கர்த்தருக்கு இது சித்தமில்ல போலிருக்கு. தாலி எடுத்துக் கொடுக்க வந்தவர வழியிலேயே எடுத்துக்கிட்டாரே. சாயங்கால ரயிலுக்கு நாங்க கெளம்புறோம்.”

அவர்கள் கோபமாகச் சொல்லவில்லை. பயந்துபோய்ச் சொன்னார்கள். மாப்பிள்ளை ஞானதாஸ் வழக்கம்போலத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் மட்டும் வெளுத்துப்போயிருந்தது.

எஸ்தர் என் பக்கத்தில் வந்து நின்றாள். குரலைத் தாழ்த்தி, “நின்னு போறதும் நல்லதுக்குத்தானோ?” என்றாள். அவள் நினைப்பு எனக்குப் புரிந்தது. தங்கச்சி சொல்ல முடியாததை ஆண்டவரே சொல்லிவிட்டார் என்று நினைக்கிறாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சரி, உங்கள் இஷ்டப்படியே ஆகட்டும் என்று அந்த அம்மாளிடம் சொல்ல வாயைத் திறந்தேன்.

“அத்தான்.”

உள்ளறைக் கதவருகே ரூத் நின்றாள். வெள்ளைச் சேலை, தலையில் பாதி வைத்த பூ. கப்பலை விட்டு இறங்கிய நாளிலிருந்து அவள் இத்தனை பேர் முன்னால் வந்து நின்றதே இல்லை.

“ஐயருக்காக அழத்தான் வேணும் அத்தான்” என்றாள். “ஆனா அவர அடக்கம் பண்ண இன்னொரு ஐயர் வரணும்லா? வாறவர் அப்படியே இங்கயும் ஒரு எட்டு வந்துட்டுப் போகட்டுமே.”

ஜெபம் பாதியில் நின்றது. நான் திறந்த வாயை மூடவில்லை. மாப்பிள்ளை தரையிலிருந்து கண்ணை எடுத்தார். எடுத்தவர் ரூத்தையே பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். வெளுத்திருந்த முகத்தில் ரத்தம் ஏறி, காது வரைக்கும் சிவந்துவிட்டது. எஸ்தர் தங்கையைக் கட்டிக்கொண்டு அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள்.

“யாரை அடக்கம் பண்ணப் போறீங்க?” என்று வாசலிலிருந்து ஒரு குரல்.

ஐயர்! கையில் குடை, தோளில் பை, உடம்பெல்லாம் வேர்வை. வழியில் தண்டவாளத்தில் மரம் விழுந்து ரயில் தாமதமாகிவிட்டதாம். ஸ்டேஷனில் வண்டி இல்லாததால் வெயிலில் நடந்தே வந்திருக்கிறார். மாப்பிள்ளையின் தாயார் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டார்கள். ஐயர் யாரையும் கவனிக்கவில்லை. நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, “மொதல்ல குடிக்கக் கொஞ்சம் தண்ணி” என்றார்.

எஸ்தர் சமையலறைக்கு ஓடினாள். அங்கே பானை ஓடுகள் கிடந்தன. நடுவில் தொரசாணி நனைந்த காலை உதறிக்கொண்டு நின்றாள். ஐயர் வந்துவிட்டார், ஆயர்தான் இல்லை!

அந்த நேரத்துக்கு மக் லீமா தன் வீட்டுக் கெண்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். உன்னிடம் யார் இவர் செத்துவிட்டதாகச் சொன்னது என்று நான் கேட்க, அவள் விழித்தாள். நான் ஒன்றும் அப்படிச் சொல்லவில்லையே, ஆயர் ஹபிஸ் என்றுதானே சொன்னேன் என்றாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. விஷயத்தை விளக்கினேன். அவள் ஐயரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அலமாக்… இவரும் ஆயரா?” என்று கெண்டியை அவர் கையில் கொடுத்தாள். ஆயரை வாங்கி ஐயர் குடித்தார். மாப்பிள்ளையின் தாயார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. அப்புறம் அன்று முழுக்க அவர்கள் வாயில் ஹபிஸ் என்ற வார்த்தை வரவே இல்லை.

கல்யாணம் நடந்தது. இந்த மனுஷனை உன் புருஷனாக ஏற்றுக்கொள்ளச் சம்மதமா என்று ஐயர் கேட்டார். எங்கள் பெண்கள் அந்த இடத்தில் முணுமுணுக்கிற முணுமுணுப்பு பக்கத்தில் நிற்கிற மாப்பிள்ளைக்கே கேட்காது. ரூத் சொன்ன சம்மதம் ஷெட்டுக்கு வெளியே கோழிக்கறி கிளறிக்கொண்டிருந்த சமையல்காரருக்குக் கேட்டதாம். விருந்தில் ஐயர் மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, “தம்பி, பயபக்தியா நடந்துக்கோங்க. ஒரு ஐயர் போனா அடுத்த ஐயரத் தேடுற பொண்ணு இது” என்றார். ஞானதாஸ் இப்போது தரையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். பார்க்க வேறு இடம் கிடைத்துவிட்டது.

தொரசாணியின் கதை? சாக்கில் கட்டுகிற பேச்சே இல்லை. அகலத் தட்டில், அடுப்படிக்குத் தூரமாக, எஸ்தரே வேளைக்கு ஒரு தடவை தண்ணியை மாற்றி வைக்கிறாள். தொரசாணி இன்னமும் தட்டத்தான் செய்கிறாள், ஆனால் கவிழ்ப்பது குறைந்திருக்கிறது. பூனை வளர்க்கிற வாசகர்கள் வேண்டுமானால் செய்து பார்க்கலாம்.

கல்யாணத்தன்று சாயங்காலம் எல்லாரையும் செகாமட் ரயிலில் ஏற்றிவிடப் போனோம். ரூத் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். எஸ்தருக்கு மனசு ஆறவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டே விட்டாள்: “ஏட்டி, அத்தன தடவ கேட்டேனே. பிடிச்சிருக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் நிம்மதியாத் தூங்கியிருப்பேன்லா?”

ரூத் புருஷன் இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு அக்காள் பக்கம் குனிந்தாள்.

“பிடிக்கலைன்னா சொல்லுன்னுதானக்கா கேட்டீங்க. பிடிச்சிருந்தா சொல்லுன்னு ஒருத்தரும் கேக்கலையே.”

ரயில் கிளம்பிவிட்டது.

வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் வைத்திருக்கிறவர்கள், இன்று சாயங்காலமே அந்தக் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டுப் பாருங்கள்.